மிக்சர் சத்தத்துக்கு அடியில்

சாப்பாட்டு நேரத்தில் ஜைத் பாட்டுப் போடுவான். டைல்ஸ் ஒட்டுகிறவன், ராயப்பேட்டை ஆள், எங்கள் தி.நகர் சைட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. போனை ஒரு காலி பெயிண்ட் பக்கெட்டுக்குள் நிற்க வைப்பான். சத்தம் நாலு பங்காக எழும்பி வரும்.

"இது எந்தப் படம்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"படத்துல வந்தா உனுக்கே தெரிஞ்சிருக்குமே மாமா. இதெல்லாம் நம்ம ஏரியா ஆளுங்க, ஊட்ல உக்காந்து பண்றது. ரேடியோல வராது, டிவில வராது. தேடிக்கினே போனாத்தான் மாட்டும்."

தினமும் புதுசாக ஒன்று தேடி வைத்திருப்பான். பட்டினப்பாக்கத்துக்காரன் ஒருத்தன் மூச்சு விடாமல் பேசுவான். அவன் தெருப் பேரு, தண்ணி லாரி, இடிச்ச வீடு எல்லாம் அதில் வரும். பாட்டா சண்டையா என்றே தெரியாது, ஆனால் கேட்கக் கேட்க உடம்பு நிமிரும். அடையாறில் யாரோ ஒருத்தர் வார்த்தையே இல்லாமல் வெறும் மிஷின் சத்தத்தை அடுக்கியிருப்பார். "ரம்பம் மாட்டிக்கின மாதிரி கீது" என்பேன். "காது பழகணும் மாமா" என்பான். பழகித்தான் போச்சு. மதியம் நெருங்கினால் இன்னைக்கு இன்னா போடப் போறான் என்று நானே எதிர்பார்க்க ஆரம்பித்தேன்.

அன்னைக்கு மேஸ்திரி ஜெயராமும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு வேலை கொடுப்பது அவர்தான். அவர் போட்ட தகர ஷெட்டில்தான் நானும் என் சம்சாரமும் படுக்கிறோம்.

"ஒண்ணு புதுசா மாட்டிச்சு. பொண்ணு பண்ணது" என்றான் ஜைத்.

முதலில் ஒரு தட்டுகிற சத்தம். டொக் டொக் டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக் டொக் டொக். அதன்மேல் வயிற்றில் வந்து இடிக்கிற மாதிரி ஒரு அடி. அப்புறம் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி ஒரு ஆம்பளைக் குரல்.

பாய்... மேல வா பாய்... கயித்தப் புடி பாய்...

எடுத்த சோறு கையிலேயே நின்றது. அது என் குரல்.

போன வருஷம் ஆடி மாசம் மந்தைவெளியில் ஒரு அடுக்குமாடி கட்டும்போது கத்தினது. கீழே தரைக்கு அடியில் புதுசாகக் கட்டின தண்ணீர்த் தொட்டி, சம்ப். மேலே மூடியாகிவிட்டது, ஆள் இறங்குகிற ஓட்டை மட்டும் திறந்திருந்தது. உள்ளே கான்கிரீட்டைத் தாங்கின சென்ட்ரிங் பலகை அப்படியே நின்றது. காற்றே போகாத இடம். பலகை பிரிக்க எங்கள் சென்ட்ரிங்காரர் இனாயத் பாய் இறங்கினார். பலகை இழுக்கிற கயிற்றை மேலே நின்று பிடித்திருந்தது நான். பலகை வருவது நின்றுபோனது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பக்கத்தில் கலவை போடுகிற மிக்சர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, மேலே தளத்துக்கு ஸ்லாப் போடுகிற நாள். கயிற்றை ஆட்டினேன், வெறும் கயிறு. இறங்கப் போன என்னை இதே மேஸ்திரிதான் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஸ்லாப் முடிந்த பிறகுதான் பாயை வெளியே எடுத்தார்கள். ராத்திரி குடித்துவிட்டு வந்து தானாக விழுந்து செத்தான் என்று எல்லாரிடமும் சொன்னார்கள். மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றுதான். "கயித்தப் புடிச்சது நீ. வாயத் தொறந்தா மொதல்ல உள்ள போறவன் நீ."

அந்தக் குரல் இப்போது பக்கெட்டுக்குள் இருந்து எழும்புகிறது. மேஸ்திரி என் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"இன்னா நைனா, நல்லா கீதே" என்றார் அவர். டிபன் பாக்ஸ் மூடியில் விரலால் கூடவே தட்டினார். "இன்னொரு தபா போடு."

ஜைத் போட்டான்.

"இந்தக் குரல எங்கயோ கேட்ட மாதிரி கீதுபா."

"கோயம்பேட்ல வெங்காயம் ஏலம் உடறவனா இருப்பான் மேஸ்திரி" என்றான் ஜைத்.

மேஸ்திரி சிரித்தார். "எனுக்கு அனுப்பு" என்றார்.

அன்னைக்கு மதியம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. தலையில் கலவைச் சட்டியோடு படியேறும்போது 'வழி, வழி' என்று குரல் கொடுத்துக்கொண்டே போவது வழக்கம். கொடுக்காமல் போய் ஒரு சித்தாளை இடித்துவிட்டேன். கலவை அவள் புடவையில் கொட்டியது.

"வாயில கொழுக்கட்ட வெச்சுக்கினு கீறியா?" என்று அவள் கத்தினாள்.

மேஸ்திரி வந்தார். "இன்னாடா வேம்பு, தொண்ட கட்டிக்கிச்சா?"

தொண்டையைக் காட்டித் தலையாட்டினேன்.

"எங்க, ஒரு வார்த்த பேசு."

"சளி மேஸ்திரி" என்றேன், கரகரவென்று, யாரோ ஒரு கிழவன் மாதிரி. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சிமெண்ட் தூசிக்குக் கண்ணைச் சுருக்கினாரா வேறு எதற்குச் சுருக்கினாரா தெரியவில்லை.

வேலை முடிந்ததும் ஜைத்தின் போனை வாங்கிப் பார்த்தேன். பாட்டோடு ஒரு படம் இருந்தது. ஒரு தூண், நீலத் தார்ப்பாய், பாதி எழும்பின செங்கல் சுவர். மந்தைவெளி சைட்டேதான், மேலே இருந்து எடுத்தது. கீழே பேரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மஹ்விஷ். சம்புக்கு நேராக, பக்கத்து வீட்டு மூணாவது மாடியில் துணி காயப்போடுகிற பால்கனி ஒன்று உண்டு. அங்கே இருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

"இன்னா மாமா, ஃபேன் ஆயிட்டியா?" என்றான் ஜைத். மந்தைவெளியில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் தொண்டைக்கு ஆஸ்பத்திரி போகிறேன் என்று அவனிடம் சொல்லி அனுப்பிவிட்டு மந்தைவெளிக்கு பஸ் ஏறினேன். அந்தக் கட்டிடத்துக்கு இப்போது பெயிண்ட் அடித்து, குடி வந்து, வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். சம்ப் மூடிமேல் யாரோ ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் பக்கத்து வீட்டு மாடி ஏறினேன்.

கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். கழுத்தில் ஹெட்போன்.

"மஹ்விஷ்ங்கறது?"

"நான்தான். நீங்க?"

"பாட்டுல கத்துறவன்மா."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் இன்னும் ஏறியது. கதவைத் திறந்தேவிட்டாள். "அங்கிள், உங்களத்தான் தேடிட்டிருந்தேன். கீழ வாட்ச்மேன் தெரியாதுன்னுட்டாரு. உங்க குரல் இல்லன்னா அந்தப் பாட்டே இல்ல. பேர் சொல்லுங்க, போட்டுடறேன்."

"பேர் வேணாம்மா. குரலும் வேணாம். அழிச்சிடு."

"கிண்டல் பண்ணிட்டேன்னு நினைச்சீங்களா? சத்தியமா இல்ல. பால்கனில மைக் வெச்சு சைட் சத்தமெல்லாம் எடுப்பேன். மிக்சர், கம்பி வெட்றது எல்லாம். நீங்க யாரையோ மேல வேலைக்குக் கூப்பிட்டீங்க. அந்த இழுத்து இழுத்துக் கூப்பிட்டது அவ்ளோ அழகா இருந்துது."

"வேலைக்குக் கூப்டலம்மா."

நின்றபடியே சொன்னேன். சொல்லும்போது மாடிப்படியில் யாராவது வருகிறார்களா என்று நாலு தடவை திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்போ அந்தத் தட்டற சத்தம்?" என்றாள்.

"அது நீ போட்ட மேளம்தானேம்மா."

"நான் போடல அங்கிள். அதுவும் அதுலயே இருந்துது."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். கம்ப்யூட்டரில் மலை மலையாகக் கோடு ஓடியது. பாட்டு ஆக்குவதற்கு முன்னால் எடுத்தபடியே இருக்கிற சத்தம் என்றாள். முதலில் மிக்சர்தான் கேட்டது. ஜல்லி உருளுகிற இரைச்சலில் அறையே அதிர்ந்தது. அவள் எதையோ கீழே இழுத்தாள். மிக்சர் தண்ணீர் வடிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போனது.

"இரைச்சல எடுத்துட்டுத்தான் அடியில என்ன இருக்குன்னு பாப்போம். அப்ப கிடைச்சுது. யாரோ சுத்தியல்ல வேல செய்றாங்கன்னு நினைச்சேன்."

டொக் டொக் டொக்.

சம்புக்குள் பேச்சு எடுபடாது. சுவருக்குச் சுவர் மோதிக் குழம்பிவிடும். அதனால் பலகையில் சுத்தியலால் தட்டித்தான் சொல்லிக்கொள்வோம். ஒண்ணு என்றால் கயிற்றை இறக்கு. மூணு என்றால் இழு. சென்ட்ரிங் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும்.

டொக் டொக் டொக்.

பாய் இழு இழு என்கிறார். மேலே நான், மேல வா பாய், கயித்தப் புடி பாய் என்று கத்துகிறேன். அவர் தட்டுவது எனக்குக் கேட்கவில்லை, மிக்சர் ஓடுகிறது. நான் கத்துவதும் அவருக்குக் கேட்டதோ இல்லையோ. பிறகு மேஸ்திரி குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி தெளிவாக. "மிக்சர நிறுத்தாத. பாதில நின்னா ஸ்லாப்ல ஜாயிண்ட் உழுந்து உட்டுக்கும். அவன் போய்ட்டான், நீ வேலயப் பாரு."

போய்ட்டான் என்று சொல்கிறாரே, அந்த வார்த்தைக்கு அடியிலும் டொக் டொக் டொக்.

"நிறுத்தட்டுமா அங்கிள்?"

வேணாம் என்று கையைக் காட்டினேன். சத்தம் மெலிந்துகொண்டே போனது. இடைவெளி நீண்டது. கடைசியில் டொக் டொக். மூணாவதுக்காகக் காத்திருந்தேன். மிச்சமெல்லாம் காக்காய் கத்துகிறதும் தூரத்து ஹாரனும்தான்.

மஹ்விஷ் அழுதுகொண்டிருந்தாள். "அடையாறுல ஒரு ஹால்ல போட்டேன். எல்லாரும் இதுக்கு ஆடினாங்க. நானும் ஆடினேன். இப்பவே அழிச்சிடறேன், பாட்டு, இது, எல்லாத்தையும்."

விரல் பட்டனுக்குப் போனது. நான் வந்ததே அதற்குத்தான். ஒரு அமுக்கு அமுக்கினால் ஷெட்டில் நிம்மதியாகப் படுக்கலாம். ஆடி மாசத்தில் இருந்து போலீஸ் ஜீப்பைப் பார்த்தாலே சந்துக்குள் ஒதுங்குகிறவன் நான்.

"இரும்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "பாயோட சம்சாரம் கீறாங்க. அஞ்சு வேள தொழுவுற மனுசன அவங்ககிட்ட குடிகாரன்னு சொல்லிட்டானுங்க. அவங்க கேக்கட்டும். அழிக்கறதுன்னா அவங்க அழிக்கட்டும்."

சட்டைப் பையில் போன் அடித்தது. மேஸ்திரி. எடுக்கவில்லை.

அவளும் வருகிறேன் என்றாள். கம்ப்யூட்டரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஆட்டோவில் போகும்போது மறுபடி போன். ஜைத்.

"மாமா, ஆஸ்பத்திரி முடிஞ்சுதா? மேஸ்திரி உன்னயே கேட்டுக்கினு கீறாரு. காலைலேர்ந்து அந்தப் பாட்டக் காதுல வெச்சுக்கினு ஒக்காந்துகினு கீறாரு, வேலயே பாக்கல. என்னான்ட வந்து, இத எவ பண்ணா, எங்க கீறான்னு வேற கேக்குறாரு. இன்னா மேட்டரு?"

"ஒண்ணுமில்லபா. யாருன்னு தெரியாதுன்னு சொல்லிடு" என்று வைத்துவிட்டேன். மஹ்விஷ் என்னைப் பார்த்தாள். ஆட்டோ சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்ற ஒவ்வொரு பைக் ஆளின் முகத்தையும் பார்த்தேன்.

பாய் சம்சாரம் ஹாஜிரா பீ வீடு ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள். தையல் மிஷினில் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தாமலேயே சொன்னார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா வேம்பண்ணே?"

"பாபி, ஒண்ணு கேக்கணும் நீங்க."

"சொல்லு."

"நான் சொல்றதில்ல. இந்தப் பொண்ணு கொண்டாந்துகீது."

மஹ்விஷ் தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். பாட்டைப் போடவில்லை, மிக்சரை எடுத்துவிட்டு மற்ற சத்தத்தை மட்டும் போட்டாள். ஹாஜிரா பீ முழுக்கக் கேட்டார். கையில் இருந்த புடவையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசி ரெண்டு தட்டும் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தத் தட்டுறது அவருதானே."

"ஆமா பாபி."

"மூணு மூணா தட்டுறாரே, இன்னா அது?"

"கயித்த இழுன்னு அர்த்தம்."

"நீ இழுத்தியா?"

"கேக்கல பாபி. மிக்சர் ஓடிச்சு. சத்தியமா கேக்கல."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மஹ்விஷ் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. குடிச்சவன் இப்படி மூணு மூணா தப்பாம தட்டுவானா? இந்தச் சந்துல ஒரு மனுசன் என் மூஞ்சிக்கு நேரா பேசறதில்ல. குடிகாரன் பொண்டாட்டி. தட்டுவானா, சொல்லு."

"மாட்டாங்க ஆன்ட்டி."

"அழிக்கலாம்னு வந்தேன் பாபி" என்றேன். "அழிச்சா எனுக்கு நல்லது. கயித்தப் புடிச்சவன் நான்தான், என்னத்தான் மொதல்ல புடிப்பாங்க. மேஸ்திரிக்கும் குரல் தெரிஞ்சுபோச்சுன்னு நெனைக்கிறேன். நீங்க இன்னா சொல்றீங்களோ அது."

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கையில் எடுத்துப் பார்த்தேன்.

"யாரு?"

"அவருதான்."

"எடு. ஸ்பீக்கர்ல போடு."

விரல் வேர்வையில் வழுக்கியது. ரெண்டாவது தடவைதான் எடுபட்டது.

"எங்கடா கீற வேம்பு?" சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அவர் மெதுவாகப் பேசுகிற நாள்தான் எனக்கு எப்பவும் பயம். "ஆஸ்பத்திரில நீ இல்ல. ஆள உட்டுப் பாத்துட்டேன். எங்க கீற?"

மஹ்விஷ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஹாஜிரா பீ போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பல் கிட்டிக்கொண்டு வாய் திறக்க மாட்டேன் என்றது. திறந்தேன்.

"இனாயத் பாய் ஊட்ல கீறேன் மேஸ்திரி. பாபியும் கேட்டுக்கினு கீறாங்க."