லிஃப்டில் பாதியில் நின்ற பேச்சு

என் அம்மா ஆஸ்பத்திரி லிஃப்டில் இருபத்திரண்டு வருஷம் பொத்தான் அழுத்தியவள். வேலை முடிந்து வந்து படித்து, நாற்பத்தைந்து வயதில் பன்னிரண்டாவது பாஸ் பண்ணினாள். அதோடு விட்டாளா? காலேஜில் சேரப் போகிறேன் என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதுவும் வருஷத்துக்கு அறுபது பேரை மட்டும் சேர்த்துக்கொண்டு, கணக்கு, கவிதை, உயிரியல், வரலாறு என்று எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லித்தருகிற ஒரு சின்னக் காலேஜ். கட்டணம் எங்கள் கைக்கு எட்டாதது. முழுக் கட்டண விலக்கு இரண்டே பேருக்குத்தான். கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் மறுபடியும் லிஃப்ட்.

விண்ணப்பத்தில் 'உங்கள் கல்வி நோக்கம் என்ன' என்று ஒரு கட்டம். அம்மா பென்சிலால் எழுதியிருந்தாள்: 'டாக்டர்கள் ஏதாவது பேசிக்கொண்டே லிஃப்டில் ஏறுவார்கள். நல்ல இடம் வரும்போது அவர்கள் மாடி வந்துவிடும், இறங்கிவிடுவார்கள். எனக்கு மீதியைக் கேட்க வேண்டும்.'

சிரித்துவிட்டு அதை ரப்பரால் அழித்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எட்டு வருஷமாகக் கடிதம் எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? 'சமூக மேம்பாட்டுக்காகத் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ளுதல்' என்று பேனாவால் அழுத்தி எழுதினேன். நேர்காணலுக்கும் ஒரு வாரம் ஒப்பிக்க வைத்தேன். உனக்குத்தான் தெரியும் என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

நேர்காணல் அன்று அவளை ஓர் அறைக்கும் என்னை இன்னொரு அறைக்கும் அனுப்பினார்கள். என் அறைக் கதவில் 'பெற்றோர்' என்று ஒட்டியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் பையனா பொண்ணா என்று விசாரித்தார். அம்மா என்றேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

என் முறை வந்தது. முதல்வர் ஒரு பெண்மணி. அம்மாவின் பதில்கள் எல்லாம் ஒப்பித்த மாதிரி இருந்தன, இதே வரி இன்னும் இருபது விண்ணப்பங்களில் இருக்கிறது, விலக்கை வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று குழு நினைக்கிறது என்று மரியாதையாகவே சொன்னார்.

"நீங்க சொல்லுங்க. அவங்களுக்கு என்னதான் வேணும்?"

முதல் நாளிலிருந்தே இந்தப் படிப்பு வேண்டாம் என்றவள் நான். வாயை மூடிக்கொண்டிருந்தால் நினைத்தது நடந்துவிடும். ஆனாலும் வாயைத் திறந்தேன்.

"மேடம், அது எங்கம்மா எழுதினது இல்ல. அவங்க எழுதினத நான்தான் அழிச்சேன்."

பென்சில் வரிகளை அப்படியே சொன்னேன். டாக்டர்கள் வாயில் கேட்ட வார்த்தைகளை அவள் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்திருப்பதையும் சொன்னேன். ராத்திரி சாப்பிடும்போது ஒவ்வொரு சீட்டாக எடுத்து என்னிடம் கேட்பாள். எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பாதியில் இறங்கிப் போனவர்களில் நானும் ஒருத்தி.

முதல்வர் பேனாவை மூடிவைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். திருதிருவென்று விழித்துக்கொண்டு வந்தவளுக்கு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எந்தப் பேச்சும்மா பாதியில நின்னுச்சு? அத மொதல்ல சொல்லுங்க."

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அம்மா வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு கட்டண விலக்கில் ஒன்று அவளுக்குத்தானாம். அதை ஏதோ பால் வாங்கி வந்த சேதி போலச் சொல்லி முடித்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது. இந்த மனுஷியையா சமூக மேம்பாட்டுக்குள் அடைக்கப் பார்த்தேன்? பஸ் நிறுத்தத்தில் வேறு எதையோ ஆரம்பித்தாள்.

"மூளைக்கு வலியே தெரியாதுன்னு ஒரு டாக்டர் சொன்னாரு. அப்ப தலைவலி வந்தா வலிக்கிறது எதுன்னு இன்னொருத்தர் கேட்டாரு. நாலாவது மாடி வந்துருச்சு, ரெண்டு பேரும் எறங்கிட்டாங்க. ஒம்பது வருஷமாச்சு. இன்னைக்கு அங்க ஒருத்தர் படம் போட்டுக் காட்டினாரு..."

என் ஆபீஸ் பஸ் வந்து நின்றது. அம்மா பழக்கதோஷத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, நான் ஏற வழிவிட்டு ஒதுங்கினாள்.

பஸ் போனது. நான் நகரவில்லை.

"அப்புறம்?" என்றேன்.