யார் போட்ட கையெழுத்து

தாண்டவராயன் வங்கிக்குள் நுழைந்தால் வரிசையில் நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள். ஆலங்காயத்தில் புளி மண்டி வைத்திருப்பவர்; ஜவ்வாது மலையில் விளைகிற புளியில் பாதி அவர் கைக்கு வராமல் எந்தச் சந்தைக்கும் போகாது. 1984 ஜூலையில் ஒரு புதன்கிழமை, மகன் சுப்பிரமணியை முன்னால் நடக்கவிட்டு வந்தார். பையன் அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் விமானம் ஏற வேண்டும். இதைத் தமுக்கடிக்காத குறையாக ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

கவுண்டரில் செல்லியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மேலே மலையில் இருக்கும் புதூர்நாட்டுப் பெண். இந்தக் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கி வந்து எட்டு மாதம் ஆகிறது. பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டாள் என்று மேனேஜர் கோபால்சாமி நினைத்துக்கொண்டிருந்தார். அவள் ஆசைப்பட்டது தாண்டவராயனுக்குப் பக்கத்தில் இருக்க.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா கருப்பன், தன்னுடைய பதினோரு புளியமரங்களை முப்பது வருஷக் குத்தகைக்கு விட்டதாக ஒரு பத்திரத்தைத் தாண்டவராயன் நீட்டினார். கீழே கைநாட்டு இருந்தது. “நான் வெக்கலடா சாமி” என்று கருப்பன் தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தேதியில் அவர் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததை ஊரே பார்த்தது. தாண்டவராயனே தன் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்துக்கொண்டார் என்று ஊரே பேசியது. ஆனால் ரேகை பார்த்துச் சொல்ல மலையில் யார் இருந்தார்கள்? போன மரம் போனதுதான். அடுத்த வருஷம் அதே மரத்தில் கூலிக்குப் புளி உலுக்க ஏறிய கருப்பன், கிளை முறிந்து விழுந்து செத்தார். செல்லியம்மாளுக்கு அப்போது பத்து வயது. அன்று பற்றிய வயிற்றெரிச்சல் விடுதிப் படிப்பு, வங்கிப் பரீட்சை எல்லாம் தாண்டி இன்னும் அணையவில்லை.

“இன்னாம்மா, பையன் கையில இன்னாத்த குடுத்தனுப்பறது?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் தாண்டவராயன். “மெட்ராஸ்ல அட்டை ஒண்ணு வெச்சிருக்காங்களாமே, தேச்சா போதுமாமே. அதுல ஒண்ணு போட்டுக் குடு.”

“அது நம்ம நாட்டுக்குள்ளதாங்க செல்லும். அங்க எடுத்துனு போனா வெறும் அட்டைதான். டாலர் நோட்டு கொஞ்சந்தான் தருவாங்க, தொலைஞ்சா தொலைஞ்சதுதான். டிராஃப்ட் எடுத்தா அங்க போய்க் கணக்கு தொறந்து மாத்தறதுக்குள்ள தம்பி பட்டினி கெடக்கணும். டிராவலர்ஸ் செக்குதாங்க தோது.”

“அது எப்படி?”

“ஒவ்வொரு செக்லயும் ரெண்டு எடம் இருக்கும். மேல ஒண்ணு, இங்க என் கண்ணு முன்னால போடணும். கீழ ஒண்ணு, அங்க காசு வாங்கும்போது போடணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பணம். திருட்டுப் போனாலும் வேற குடுப்பாங்க. போறவருதான் போடணும், வேற யாரும் போட்டா செல்லாது. மொதல்ல இந்த விண்ணப்பத்துல தம்பி ஒரு கையெழுத்து போடட்டும். பாஸ்போர்ட்டக் குடுங்க, ஒத்துப் பாக்கணும்.”

சுப்பிரமணி சின்னதாக, சாய்வாக ஒரு கையெழுத்துப் போட்டான். செல்லியம்மாள் பாஸ்போர்ட்டைத் திறந்தாள். அங்கே இருந்தது வேறு. பெரிய எழுத்துகள், முடிவில் அடித்து இழுத்த கோடு. இந்தக் கோட்டை எட்டு மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், புளி மண்டியின் காசோலைகளில். ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இந்த மனிதர் திருந்தவே இல்லை. ஊரார் விரலுக்குப் பதில் தன் விரலை வைத்தவர், பெற்ற மகன் கையையும் விட்டுவைக்கவில்லை.

தனியே கூப்பிட்டுப் பையனிடம் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

“சார், கொஞ்சம் வர்றீங்களா?” என்று மேனேஜரைக் கூப்பிட்டாள். கோபால்சாமி வந்து அவள் பின்னால் நின்றார். “ஒத்துவரலீங்க தம்பி. இன்னொரு தடவ போடுங்க.”

போட்டான். ஒத்துவரவில்லை. மூன்றாவது தடவை பேனா தாளைக் கிழித்தது. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தாண்டவராயனுக்கு மானம் போனது.

“பாஸ்போர்ட்ல எவ்ளோ அழகா இருக்குது பாருங்க” என்றாள் செல்லியம்மாள், தேனாக. “அதே மாதிரி போட்டாப் போதும்.”

“இவனுக்கு இன்னா தெரியும்? இஸ்கூல்லேர்ந்து பாஸ்போர்ட் வரைக்கும் இவன் கையெழுத்த நாந்தாம்மா போடறது. குடு இங்க!” மகனின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, நான்கு பேர் பார்க்க, விண்ணப்பத்தில் போட்டார். பெரிய எழுத்துகள், முடிவில் அடித்து இழுத்த கோடு. பாஸ்போர்ட்டில் இருந்ததற்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. “இப்ப ஒத்துப்போச்சா?”

“அச்சு அசலா ஒத்துப்போச்சுங்க” என்றாள்.

கோபால்சாமிக்கு முகம் வெளுத்தது. “என்ன சார் இது? பாஸ்போர்ட்ல அவர் கையெழுத்தை நீங்க போட்டீங்களா? கிரிமினல் குத்தம் சார். இந்த பாஸ்போர்ட்டை வெச்சு நான் எதுவும் தர முடியாது.”

அப்போதுதான் தாண்டவராயனுக்கு உறைத்தது. எழுந்து நின்றார். துண்டு தோளிலிருந்து கைக்கு வந்தது. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கச் செல்லியம்மாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

கோபால்சாமி அவள் காதருகே குனிந்தார். “கையெழுத்து ஒத்துவரலைன்னு மட்டும் எழுதிடும்மா. பையன் வேற பாஸ்போர்ட் வாங்கிட்டு அடுத்த வருஷமாவது போவான். அப்பா போட்டாருன்னு எழுதினா போலீஸ், கேஸுன்னு போயிடும்.”

அவள் பேனாவை எடுத்தாள். எதை எழுதுவது என்று அந்தக் கணம் உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

“அம்மா, பாத்து எழுதும்மா” என்று தாண்டவராயன் கெஞ்சினார். “நீ யாரு பொண்ணு? எந்த ஊரு?”

“புதூர்நாடுங்க. கருப்பன் மவ.”

இந்தப் பெயரைச் சொன்னதும் அந்த முகம் எப்படிக் கறுக்கும் என்று எத்தனையோ தடவை மனதுக்குள் பார்த்து வைத்திருந்தாள். முகம் கறுக்கவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார்.

“எந்தக் கருப்பன்மா? நாலஞ்சு பேரு இருந்தாங்களே. எதுனா பாக்கி இருந்தா சொல்லு, இன்னிக்கே தீத்துடறேன்.”

செல்லியம்மாள் குறிப்புத் தாளை இழுத்து, ‘விண்ணப்பதாரரின் கையெழுத்தை அவருடைய தந்தை தாண்டவராயன் என் கண்முன் போட்டார், பாஸ்போர்ட்டிலும் தானே போட்டதாகச் சொன்னார்’ என்று ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதினாள். கீழே தன் பெயரை முழுசாகப் போட்டாள். கருப்பன் என்பதையும் சேர்த்து.

பிறகு தாளையும் பேனாவையும் கோபால்சாமியின் பக்கம் தள்ளினாள்.

“நீங்களும் பாத்தீங்க சார். போடுங்க.”