இருமிக்கொண்டே பேசியவர்

போனில் வருகிற மோசடிக்காரர்களைத் திட்டுவதற்கு எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பான் ஒருவன், பரிசு விழுந்திருக்கிறது என்பான் இன்னொருவன். நான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கிழி கிழியென்று கிழிப்பேன். என் வீட்டுக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ரசிப்பார். சலவைக் கடை கவுண்டரில் சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து துணியைக் கேட்கிறவர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவள் நான். வாய் சும்மா இருக்குமா?

அன்றைக்குக் கூப்பிட்டவர் இருமிக்கொண்டே பேசினார். வரி அலுவலகம் என்றார். என் தங்கையின் பெயரைச் சொல்லி, வங்கிக் கணக்கு விஷயமாக ஒன்று சரிபார்க்க வேண்டும் என்றார். எனக்கு அது போதாதா?

"யார் காதுல பூ சுத்துற? கணக்கு விவரம் வேணுமா உனக்கு? உங்கம்மா சோறு போட்டு வளர்த்தது இப்படி ஊரை ஏமாத்தவா? ஒழுங்கா ஒரு வேலை செஞ்சு பொழைக்கப் பாரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் மட்டும் கேட்டது. பிறகு "சரிம்மா" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் தங்கை வந்ததும் இருமல் உட்பட எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். வரி ஆபீஸ் போனில் எங்கே கணக்கு விவரம் கேட்கப் போகிறது என்று அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்காரர் இன்னொரு தடவை இருமச் சொன்னார்.

சின்னவள் என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். புருஷனை விட்டுவிட்டு ஒரே ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த அன்று இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கீழே விழுந்துவிட்டேன் என்றாள். நானும் அதற்கு மேல் தோண்டவில்லை. அவன் ஓயாமல் கூப்பிட்டதால் பழைய சிம்மைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துப் பர்ஸில் வைத்துவிட்டு, புது நம்பர் வாங்கினாள். அது எங்களுக்கும் அவள் வேலை பார்க்கும் இடத்துக்கும் மட்டும்தான் தெரியும். எப்படியாவது கசிந்து அவன் கைக்குப் போய்விடும் என்று பயம். அதனால் வேறு யார் நம்பர் கேட்டாலும் என் நம்பரைக் கொடுத்துவிடுவாள். வரித் தாக்கலிலும் அதைத்தான் கொடுத்திருந்தாள்.

காலையில் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை, மதியத்துக்கு மேல் ஒரு கடையில் பில் போடும் வேலை. இரண்டு இடத்திலும் வரி பிடித்ததில் கூடுதலாகப் போன பணம் அவளுக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது. அதை நம்பித்தான் ஒரு ஸ்டேஷனரி கடை மாடியில் அறை பார்த்து வைத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுத்தால் அவளுக்கே தருவதாக வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தார். அந்த அறையின் ஜன்னலைப் பற்றியோ வெளிச்சத்தைப் பற்றியோ அவள் பேசவில்லை. உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் இருக்கிறது என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னாள்.

பணம் வருகிற வழியாக இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் சோபாவில் உட்கார்ந்து இணையதளத்தைத் திறப்பாள். "பரிசீலனையில் உள்ளது" என்று இருக்கும்.

"உன் போனுக்கு ஏதாவது வந்துச்சாக்கா?"

"வந்தா சொல்ல மாட்டேனா? சரியான சோம்பேறிக் கூட்டம். சம்பளம் மட்டும் டாண்ணு வாங்கிடுவாங்க."

கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று கடைக்கு லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கி, ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் காத்துக் கிடந்தேன். என் முறை வந்தது. கண்ணாடியில் இருந்த ஓட்டை தாழ்வாக இருந்ததால் குனிந்துதான் பேச வேண்டியிருந்தது. குனிந்தபடியே பிடிபிடியென்று பிடித்தேன். உள்ளே இருந்தவர் குறுக்கிடாமல் கேட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு இருமினார்.

நான் வீட்டில் நடித்துக் காட்டிய அதே இருமல்.

"நாங்க கூப்பிட்டோமேம்மா. பேங்க் கணக்குல அப்பா பேரோட இருக்கு, தாக்கல்ல கணவர் பேரோட இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்தானான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கம்மாவைக்கூட விசாரிச்சீங்க."

மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. இத்தனைக்கும் அது என் வாய்.

"பரவாயில்லைம்மா, எல்லாரும்தான் திட்டுறாங்க. தங்கச்சியை ஒரே ஒரு தடவை நேர்ல வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. உடனே அனுப்பிடலாம்."

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். இதை நடித்துக் காட்டினால் அவளும் சிரித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவள் வந்தாள். எனக்கும் சேர்த்து டீ போட்டாள். நான் கொடியிலிருந்து அள்ளிப் போட்டிருந்த துணிகளை மடித்து வைத்தாள். சலவைக் கடைக்காரி வீட்டில் துணி மடிக்க ஆள் இல்லை பார் என்று கிண்டல் செய்தாள்.

"அவங்க என்னதான் சொல்றாங்க?"

"பாத்துட்டு இருக்காங்களாம். கொஞ்சம் பொறுக்கணுமாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? முதலில் வெட்கம்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் மறுநாளும் சொல்லவில்லை, அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை. அவள் வருவதற்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் டிவியைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவள் வந்த பிறகுதான் சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அவள் போய்விட்டால் யாருக்கு நடித்துக் காட்டுவேன்? நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் செய்தது பச்சைத் துரோகம்.

மாதம் முடிந்தது. மாடி அறை வேறு யாருக்கோ போய்விட்டது. அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்காமல் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். "விடுடி, இதைவிட நல்லதாப் பாத்துக்கலாம்" என்றேன். என் குரலில் இருந்த இனிப்பு எனக்கே குமட்டியது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பர்ஸ் திறந்து கிடந்தது. சிம்மை மடித்து வைத்திருந்த காகிதம் பிரித்தபடி பக்கத்தில் இருந்தது.

"அவர்கிட்ட பேசினேன்கா."

"எவர்கிட்ட?"

"அவர்கிட்டதான். வேற ஒரு ரூம் இருக்கு, முன்பணம் உடனே கேக்கறாங்க. இந்த வரிப் பணம் வர்ற மாதிரி தெரியலை. எத்தனை காலம்தான் உன் ஹால்ல படுத்திருக்கறது? மாமா தண்ணி குடிக்கக்கூட இருட்டுல தடவித் தடவிப் போறார். கடனாத்தான் கேட்டேன். தர்றேங்கறார். வீட்டுக்கு வந்து வாங்கிக்கோங்கறார்."

சொல்லிக்கொண்டே இடது மணிக்கட்டை வலது கையால் நீவிக்கொண்டிருந்தாள். நீவுவது அவளுக்கே தெரியவில்லை. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"போகாதடி. அந்த இருமல் ஆளு இருக்காரே, அவர் நிஜமாவே ஆபீஸ்காரர்டி."

நான் ஏதோ நடிக்கப் போகிறேன் என்று நினைத்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நீ ஒரு தடவை போய்க் கையெழுத்துப் போட்டா போதுமாம். அன்னைக்கே சொல்லிட்டார்."

"என்னைக்கு?"

"நான் லீவு போட்டுட்டுப் போனேனே, அன்னைக்கு."

அந்தச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து உடனே போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை.

"ஏன்கா சொல்லலை?"

"நீ போயிடுவியேன்னு."

அவள் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும். அவள் போனைத் திறந்து அந்தப் பழைய சிம்மை நகத்தால் நெம்பி எடுத்தாள். இரண்டு தடவை வழுக்கியது. அதை இரண்டாக உடைத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"நாளைக்கு ஆபீஸுக்கு நான் போய்க்கறேன். நீ வர வேண்டாம்."

பணம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. என் போனுக்கு எந்த மெசேஜும் வரவில்லை. நம்பரை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாள் கடையிலிருந்து திரும்பியபோது சோபாவில் போர்வை மடித்து வைக்கப்பட்டு அதன் மேல் தலையணை இருந்தது. சூட்கேஸ் இல்லை.

"பணம் வந்துடுச்சாம். ரூமும் கிடைச்சுடுச்சாம்" என்றார் வீட்டுக்காரர்.

"எங்க?"

"உன்கிட்ட அப்புறம் சொல்றேன்னுட்டுப் போனா."

இன்னும் சொல்லவில்லை. கூப்பிட்டால் எடுக்கிறாள். வேலையில் இருக்கிறேன் அக்கா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

இப்போதெல்லாம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நான் திட்டுவதில்லை. போன வாரம் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒருவன் கூப்பிட்டான். வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ஸ்பீக்கரைப் போடாமல் "சொல்லுங்க தம்பி" என்று அவன் சொன்னது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனே அலுத்துப்போய் வைத்துவிட்டான். எந்த அலுவலகத்திலாவது, எந்தக் கடையிலாவது என் நம்பரை மாற்ற அவள் மறந்திருக்கலாம். அங்கிருந்து யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால், ஆமாம், நான் அவளுடைய அக்காதான் என்று சொல்ல வேண்டும்.