எந்தப் பக்கம் இருப்பான்

சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் அவள் மதம் மாறப்போகிறாள் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "என்ன குடுத்தாங்க?" நாத்தனார் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"வீடு கட்டித் தர்றாங்களா அண்ணி? இல்ல, உங்க முட்டிவலிய மந்திரம் போட்டு எடுத்துட்டாங்களா? சொன்னா நானும் வருவேன்ல."

"உனக்கு வாய்வலி வரட்டும், கூட்டிட்டுப் போறேன்."

முட்டிவலி அப்படியேதான் இருந்தது. அங்கே அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பதில். அதைச் சொல்கிறேன், கண்ணுகளா. மனதைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

அவளுடைய ஒரே மகன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவள் கும்பிட்டுவந்த பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர் அவன் உடலருகே வரவில்லை. "நம்ம வழியில இப்படிப் போனவங்களுக்குப் பிரார்த்தனை கெடையாதும்மா. அவங்க போற எடம் வேற. ஒரே இருட்டு. திரும்ப முடியாது" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை, படித்ததைச் சொன்னார். அன்றிலிருந்து பட்டப்பகலில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி அவளும் அந்த இருட்டில்தான் நின்றாள். யார் யார் சட்டையோ கருகிப்போனது.

ஒருநாள் அடுத்த தெருவிலிருந்த வேறு மதத்துக் கூடத்துக்குள் நுழைந்தாள். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "என் புள்ள இப்ப எங்க இருப்பான்?" என்று கேட்டாள். அந்த அம்மாள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

"நோவு தாங்காமப் போன புள்ளையக் கடவுள் அடிப்பாரா? எங்க வழியில அவன் தூங்கறான்மா."

அங்கிருந்த குருவும் அதையேதான் சொன்னார். அவள் மதம் மாற வேறு காரணமே இல்லை.

சேரும் நாள் வந்தது. கணவர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தண்ணீர் பம்பு ஓட்டுகிறவர். அவருடைய நல்ல சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டாள். அவர் அதைத் தொடவே இல்லை.

"வாங்களேன். அவன் தூங்கறான்னு உங்களுக்கும் நிம்மதி ஆயிடும்ல?"

"ஆயிடும். ஆனா நம்ம பெரியவர் சொன்னது நெசமா இருந்துட்டா?"

"அவரு கெடக்கறாரு!"

"கத்தாத. அவன் சின்னதுல சந்தைக் கூட்டத்துல தொலைஞ்சானே, என்ன பண்ணோம்? நீ அந்தப் பக்கம் ஓடின, நான் இந்தப் பக்கம் ஓடினேன். ரெண்டு பேரும் ஒரே பக்கம் போயிருந்தா?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் கும்பிடறத விட்டு ரொம்ப நாளாச்சு. கும்பிடாதவனுக்கும் அதே இருட்டுதானான்னு பெரியவர்கிட்டயே கேட்டேன். ஆமான்னுட்டாரு. அப்ப நான் அங்க போயிக்கிறேன். அவனத் தனியா விட முடியாதுடி."

அவள் நாற்காலியில் கிடந்த அந்தச் சட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நீங்களும் நானும்?"

அதையும் அவர் யோசித்துத்தான் வைத்திருந்தார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"புள்ள ஒருத்தர் கையிலயாவது கெடைக்கட்டும். நேரமாச்சு, கெளம்பு."

அவள் தனியாகத்தான் போனாள்.