ஏரியில் விட்ட வண்டுகள்

சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அவளுக்கு வேறு பெயர். ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் வண்டக்காதான். நிலையத்தின் பின்புறம் வரிசையாக நிற்கும் தொட்டிகளில் வண்டு வளர்ப்பது அவள் உத்தியோகம். அரிசி மணி அளவுக்கு, சாம்பல் நிறத்தில், நீண்ட மூக்கோடு இருக்கும் வண்டு. பட்டினி கிடந்து செத்தாலும் சாகும், ஆகாயத்தாமரையைத் தவிர வேறெதிலும் வாய் வைக்காது. அதனால்தான் அதை ஏரியில் விட்டார்கள்.

யாரோ ஒருவர் தோட்டத்துத் தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று வாங்கிவந்த செடி அது. மிஞ்சியதை ஏரியில் வீசிவிட்டுப் போனார். பத்தே வருடத்தில் தண்ணீர் கண்ணில் படவில்லை. கரையிலிருந்து பார்த்தால் ஏதோ கீரைப் பாத்தி போலப் பச்சைப்பசேலென்று கிடந்தது. படகைத் தள்ளினால் பத்தடி போவதற்குள் துடுப்பு சிக்கிக்கொள்ளும்.

வண்டு விடுவதற்கு முன் கரையில் ஒரு கூட்டம் போட்டார்கள். "எத்தனை நாள்ல சரியாகும்?" என்று மீனவர்கள் கேட்டார்கள். குறைந்தது மூன்று வருடம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால், "அதைச் சொன்னால் நம்மைத் துரத்திவிடுவார்கள்" என்று இயக்குநர் ஏற்கனவே எச்சரித்திருந்தார். அதனால் அவள், "ஒரு வருஷம் பொறுத்துக்கங்க. அதுவரைக்கும் செடியை யாரும் தொடாதீங்க. பறிச்சா அதோட வண்டும் போயிடும்" என்றாள்.

முணுமுணுப்பு எழுந்தது. அப்போது முன்வரிசையில் இருந்த வெண்கலத் தொண்டைக்காரர் எழுந்தார். நாலு தெரு தள்ளிப் பேசினாலும் கேட்கும் குரல் என்பதால் அந்தப் பட்டப்பெயர். "ஒரு வருஷம்தானே. படிச்சவங்க சொல்றாங்க, நான் பொறுப்பு" என்றார். அவருடைய வார்த்தைக்காகத்தான் மற்றவர்கள் சம்மதித்தார்கள்.

பதினாலாவது மாதம், வழக்கம்போல வண்டுகளை எண்ண வந்தவள் கரையேறும்போதே நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஏரியின் கிழக்குப் பாதி முழுக்கச் செடிகள் கருகிச் சாய்ந்து அழுகிக்கொண்டிருந்தன. இடுக்குகளில் மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. அவள் கொடி நட்டு அடையாளம் வைத்திருந்த கட்டங்கள் எல்லாம் அந்தப் பாதியில்தான். படகுக் கொட்டகையின் பின்னால் ஒரு களைக்கொல்லித் தெளிப்பான் கவிழ்ந்து கிடந்தது. அதன் தோள்பட்டை வாரில் மீன்வலை நூலால் போட்ட முடிச்சு. அப்படி முடிச்சுப் போடுபவர் வெண்கலத் தொண்டைக்காரர் ஒருவர்தான்; யாருடைய கைவேலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். வழக்கு, அபராதம், அத்தனை மாத உழைப்பு. கதவைத் திறந்த அவர் மனைவி அவள் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள்.

வெண்கலத் தொண்டைக்காரர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நான்தான் அடிச்சேன்" என்றார். குரல் வாசல்வரைகூடப் போயிருக்காது.

"ஏண்ணே?"

"வலை நனைஞ்சு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா மேடம்? இவ நாலு வீட்டுல பாத்திரம் கழுவுறா. தெருவுல இறங்கினா, ஒரு வருஷம் ஆயிடுச்சே, எங்க உன் வண்டுன்னு ஆளாளுக்குக் கேக்குறான். பதில் சொல்லி மாளலை. செடி செத்தாப் போதும்னுதான் நினைச்சேன். மீனும் சேர்ந்து சாகும்னு சத்தியமா தெரியாது."

"செடி மொத்தமா அழுகினா தண்ணியில இருக்கிற பிராணவாயு தீர்ந்துடும்ணே. மீன் மூச்சுமுட்டித்தான் செத்திருக்கு."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அடுக்கிவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"மூணு வருஷமாவது ஆகும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாயை மனைவி நிறுத்தினாள்.

"அப்போ ஏன் சொல்லலை?" என்றார் அவர்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டோம்தான்" என்று அவர் யோசித்துச் சொன்னார். "ஆனா என் வாயால அத்தனை பேருக்கும் பொய் சொல்ல வச்சிருக்க மாட்டீங்க."

அவள் தலை தானாகக் குனிந்தது. மனைவி ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். கோபமில்லாமல், "மேற்குக் கோடிப் பாலத்துக்கு அடியில மருந்து படலைல்ல? அங்க வண்டு மிஞ்சியிருக்கலாம்ல?" என்று கணவரைக் கேட்டாள்.

"அங்க படகு போகலை. செடி அவ்வளவு நெருக்கம்" என்றார் அவர்.

மூவரும் போனார்கள். பாலத்தடியில் வண்டக்கா முழங்காலளவு தண்ணீரில் இறங்கி ஓர் இலையைத் திருப்பினாள். குண்டூசியால் குத்தியதுபோல இலை முழுக்க வண்டு கடித்த தழும்பு. தண்டை நகத்தால் பிளந்தாள். உள்ளே வண்டின் வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது. அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"செடி இங்க குட்டையால்ல இருக்கு. மத்த இடத்துல இடுப்பளவு நிக்கும்" என்றார் அவர்.

தன் கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்ததில் இந்த மூலையை அவள் பார்க்கவே இல்லை. வண்டு வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஏரியில் நின்று அவள் அழுதது அன்றுதான்.

மறுநாள் நடந்ததை மறைக்காமல் இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தாள், தான் சொன்ன பொய்யையும் சேர்த்து. எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் கரையில் கூட்டம் கூட்டினாள்.

"இன்னும் மூணு வருஷம். நாலும் ஆகலாம். சேத்துல விதை கிடக்கு, மறுபடி முளைக்கும். முழுசா ஒழியும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். பாதிப்பேர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு எழுந்துபோனார்கள்.

"செடியைத் தொடவே கூடாதுன்னு சொன்னதும் என் தப்புதான். அழுகினதை முதல்ல வாரிக் கரையில போடுவோம். படகு போக ஒரு பாதை வெட்டுவோம். பாலத்தடிச் செடியைச் சுத்தி நாலு பக்கமும் கழி நட்டு வேலி கட்டுவோம். அதை மட்டும் தொடாதீங்க. வண்டு அங்கிருந்து பரவிக்கும்."

வெண்கலத் தொண்டைக்காரர் எழுந்துபோய்க் கொட்டகையிலிருந்து நீளக் கொக்கியை எடுத்துவந்து தண்ணீரில் இறங்கினார். அவர் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். அன்று மொத்தம் ஏழு பேர். வாரியிழுத்த சகதி கையிலும் தலைமுடியிலும் ஒட்டியது. ஒரு வாரத்துக்கு எந்தச் சோப்புக்கும் நாற்றம் மசியவில்லை.

பாதை திறக்க ஐந்து மாதம் ஆனது. முதலில் இரண்டு படகு, பிறகு ஒன்பது. மழைக்குப் பின் விதைகள் முளைத்தன, பறித்தார்கள். மறுபடியும் முளைத்தன. மூன்றாம் வருடக் கோடையில் ஏரியில் பாதிக்குமேல் தண்ணீர் தெரிந்தது. மீதியில் செடி இன்னும் இருந்தது, கணுக்கால் உயரத்தில், பூக்கத் தெம்பில்லாமல். கோபித்துக்கொண்டு போனவர்களில் சிலர் இப்போதும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாதம் ஒருமுறை வெண்கலத் தொண்டைக்காரரின் படகில் ஏறி வண்டு எண்ணப் போகிறாள். அவர் துடுப்பு போட, அவள் எண்ணிக்கையைச் சொல்ல, அவர் மனைவி நோட்டில் குறித்துக்கொள்கிறாள்.