மேயர் தோண்டிய இடம்

ஆமையைக் காணோம் என்று கொரீனாவுக்குத் தெரிந்தபோது பிற்பகல் மூன்று மணி. ஜூலை வெயிலில் அந்த நேரத்துக்குப் பாலைவன ஊரான செரிட்டோவின் தெருக்களில் நடமாடுகிறவர்கள் இரண்டே வகை: ஊருக்குப் புதியவர்கள், இல்லாவிட்டால் எதையாவது தொலைத்தவர்கள்.

திங்கட்கிழமை அவள் ஃபீனிக்ஸில் வேலைக்குச் சேர வேண்டும். வாடகைக்குப் பிடித்திருக்கும் வீடு பதினோராவது மாடி. அவளுடைய ஆமை மேயருக்கு மண் வேண்டும், வளை வேண்டும். பாலைவனத்தில் கொண்டுபோய் விடச் சட்டம் இடம் தராது, வீட்டு ஆமையின் சளி காட்டு ஆமைகளுக்குத் தொற்றிவிடும் என்பார்கள். தத்துக் கொடுத்த மாநில மையத்தில் இடமில்லை. ஊரில் முற்றம் உள்ள வீடுகளில் எல்லாம் ஏற்கெனவே ஒரு ஆண் ஆமை இருந்தது. இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் ஒன்றை ஒன்று மல்லாக்கப் போட்டுவிட்டுத்தான் ஓயும். ஆமை இல்லாத ஒரே ஆள், தெற்குத் தெருவில் டிரெய்லர் வீடுகளின் குடியிருப்பை நிர்வகிக்கும் வெண்டெல். அவரிடம் காலையில்தான் கேட்டிருந்தாள்.

"எனக்கு எந்த ஜீவனும் வேணாம்மா. குளிர்காலம் வந்தா கனடாவுலேர்ந்து இறங்குற கிழடுங்களை மேய்க்கவே எனக்கு உசுரு பத்தல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆள் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். இப்போது ஆமையையே காணோம். வேலிக்கு அடியில் ஒரு புதுப் பள்ளம் மட்டும் இருந்தது.

பக்கத்து வீட்டு டெசி கோல்ஃப் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவன், வாய் சும்மா இருக்காது.

"உன்கூட ஃபீனிக்ஸ் வரப் பிடிக்கலபோல, அதான் கிளம்பிட்டாரு."

"வண்டிய ஓட்டுடா."

முனையில் ஐஸ் கடை. லுப்பே அக்கா ஐஸைச் சீவிப் புளிப்பாகு ஊற்றிக்கொண்டே தலையை ஆட்டினாள். "மேயரா? அரை மணி முன்னாடி போனாரு. ஓட்டு கேக்க வந்தாரோன்னு பாத்தேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"உன் செம்பருத்தியத் தின்னாரா?"

"அதான் அதிசயம். பூ அவரு மூஞ்சிக்கு நேரா விழுந்து கிடக்கு. தொடல."

கொரீனாவுக்கு இது உறைத்தது. செம்பருத்திக்காகத் தெருவையே கடக்கிற ஆள் அவர். அடுத்து தபால் நிலையத்துக்கு வெளியே சப்பாத்திக்கள்ளிப் பழங்கள் நசுங்கிச் சிவப்பாகக் கிடந்தன. ஓரத்து மணலில் மேயரின் தடம் அவற்றை ஒட்டியே போயிருந்தது. ஒரு பழத்தில்கூட வாய் பட்ட அடையாளம் இல்லை. நிழல் பக்கமும் தடம் ஒதுங்கவில்லை. நேராகத் தெற்கே போனது.

"எங்கடா போறாரு இவரு?"

"வேலைக்குச் சேரப் போறாரா இருக்கும்" என்றான் டெசி. ஆனால் அவனும் இப்போது வண்டியிலிருந்து எட்டித் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தடம் வெண்டெலின் குடியிருப்புக்குள் நுழைந்தது. கோடையில் அங்கே யாரும் இல்லை, வரிசையாகப் பூட்டிய டிரெய்லர்கள் மட்டும். கடைசி வரிசைக்குப் பின்னால் காலி மண்ணில் மேயர் இருந்தார். முன்கால்களால் மண்ணை வாரிப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தார். பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குழி ஆகியிருந்தது.

வெண்டெல் தொப்பியோடு வந்து நின்றார். "காலையில வேணாம்னு சொன்னேன்ல?"

"நான் கொண்டாந்து விடல சார். அவரா நடந்து வந்திருக்காரு."

"இந்தப் பள்ளத்தாலதான் எனக்குத் தலைவலியே. எப்பவாவது தூறுனாலும் தண்ணி இங்கதான் நிக்கும், கொசு புடுங்கும். நாளைக்கு லாரில மண்ணு வருது, மேடாக்கப் போறேன். தூக்கிட்டுப் போ."

கொரீனா குனிந்தாள். கை ஆமையோட்டைத் தொடுமுன் நிறுத்திக்கொண்டாள்.

"தூக்கக் கூடாது சார். பயந்துட்டாருன்னா உள்ள சேத்து வச்ச தண்ணியெல்லாம் மூத்திரமா விட்டுருவாரு. மாசக்கணக்கா மழையில்ல. அப்புறம் செத்துருவாரு."

"அப்போ எப்பப் போவாரு?"

"குடிச்சப்புறம்."

"எதைக் குடிச்சப்புறம்?"

மழை வருமுன் ஆமைகள் தண்ணீர் பிடிக்கக் குழி தோண்டும் என்று ஊரில் சொல்வார்கள். மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வடகிழக்கே மலையின் தலையில் ஒரு கருமேகம் உட்கார்ந்திருந்தது. ஊருக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. டெசி தொலைபேசியைத் தட்டினான். "ஃபீனிக்ஸ் வானிலைக்காரன் மழையே இல்லங்கிறான்."

"ஃபீனிக்ஸ்காரனுக்கு நம்ம ஊர் எங்க இருக்குன்னே தெரியாது" என்றார் வெண்டெல். பிறகு என்ன தோன்றியதோ, கொட்டகைக்குப் போய் மூன்று மடக்கு நாற்காலிகளைத் தூக்கி வந்தார். கனடாக்காரர்களுடையவை, முதுகில் பெயர் எழுதியிருந்தது. "வெயில்ல நிக்காதீங்க, நிழல்ல போட்டு உக்காருங்க. ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் நானே தூக்குவேன்."

கடையைப் பூட்டிவிட்டு லுப்பே அக்காவும் ஐஸோடு வந்து சேர்ந்தாள். மேயர் யாரையும் பார்க்கவில்லை. தோண்டினார், ஓய்ந்தார், தோண்டினார். வெண்டெல் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"நடுவுல ஆழம், ஓரத்துல கரை கட்டுறான் பாரு. சின்ன அணை மாதிரி" என்றார் தனக்குத்தானே. "எம்புட்டு வயசு இவனுக்கு?"

"யாருக்கும் தெரியாது சார்."

"இந்த இடம் எப்படித் தெரியும்? முன்னாடி வந்திருக்கானா?"

"எங்க தெருவைத் தாண்டி வந்ததே இல்ல."

அவருடைய ஒரு மணி நேரம் முடிந்தது. எழுந்தார். கொரீனா அவருக்கும் ஆமைக்கும் நடுவில் போய் நின்றாள். "சார், இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். அப்போது காற்று திரும்பியது. மழைக்கு முன் பாலைவனப் புதர்கள் விடும், தாரும் மண்ணும் கலந்த வாசனை வந்தது. புழுதி ஒரு சுவர்போல எழுந்து டிரெய்லர்களைத் தாண்டிப் போக, பின்னாலேயே மழை விழுந்தது. தெருவின் இந்தப் பக்கம் மட்டும். எதிர்ப்பக்க நடைபாதை காய்ந்தே கிடந்தது, அங்கே ஒரு நாய் நின்று இவர்கள் நனைவதை வேடிக்கை பார்த்தது.

கரையோரம் ஓடி வந்த தண்ணீர் குழிக்குள் இறங்கியது. மேயர் முகத்தைக் கண் வரைக்கும் அமிழ்த்தினார். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை.

யாரும் கூரைக்கு ஓடவில்லை. வெண்டெலின் தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"முடிச்சுட்டாரு சார். இப்போ தூக்கலாம்" என்றாள் கொரீனா. தூக்கி எங்கே கொண்டுபோவது என்று அவளுக்கே தெரியவில்லை.

வெண்டெல் சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்த தொலைபேசியை எடுத்தார். "நாளைக்கு மண்ணு அனுப்பாதப்பா. இல்ல, அடுத்த வாரமும் வேணாம். ஆமா, பள்ளம்தான். பள்ளமாவே இருக்கட்டும்." வைத்துவிட்டு ஆமையைப் பார்த்தபடியே கேட்டார்: "செம்பருத்தி திம்பானாமே, உண்மையா?"

"ரொம்பப் பிடிக்கும்."

"ஒரு செடி கொண்டா. இந்தப் பக்கம் வேலியும் போடணும், டெசிய விட்டுட்டுப் போ" என்றார். "பதினோராவது மாடியிலேர்ந்து நம்ம மலை தெரியுமா?"

"தெரியும்னுதான் சொன்னாங்க."

"மேகம் உக்காந்துச்சுன்னா போன் பண்ணு. இவன் தோண்டுறானான்னு நான் பாத்துச் சொல்றேன்."