இரண்டாவது ஆன்டிவைரஸ்

திரை மறுபடியும் நீலமாகி நின்றது. காலை பத்து மணிக்குள் இது மூன்றாவது முறை. கம்பைநல்லூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் கலைமதிக்கு, கடையிலிருந்த அந்த ஒரே கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி நடுரோட்டில் போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தீர்த்தம்மாள். சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். மகளின் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரைதான். பெயரும் மதிப்பெண்ணும் ஒழுங்காக ஏறின. சான்றிதழை ஏற்றப் போனால்தான் கம்ப்யூட்டர் மூச்சை விட்டது. ஊரில் இருக்கும் இன்னொரு சென்டரோ ஏதோ துக்கம் என்று பூட்டிக் கிடந்தது.

"கண்ணு, நாலு மணிக்கு எனக்குக் கடைசி பஸ்ஸு."

"தெரியுமுங்க. இப்ப ஆயிடுமுங்க."

ஆகவில்லை. தருமபுரி மெக்கானிக் அருள்குமாருக்குப் போன் போட்டாள்.

"ராம் மெமரியக் கழட்டி ரப்பர்ல தேச்சீங்களாக்கா?"

எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் இந்த மெக்கானிக்குகளுக்கு முதல் வைத்தியம் அதுதான். கலைமதி தேய்த்த தேய்ப்பில் பாதி ரப்பர் கரைந்திருந்தது.

"தேச்சுட்டம்பா."

"புதுசா ஏதாச்சும் போட்டீங்களா?"

"இல்லியே" என்றாள், நாக்குக் கூசாமல்.

போன மாதம் எவனோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து அவளுடைய ஃபைல்களையெல்லாம் தின்றுவிட்டது. அருள்குமார்தான் வந்து ஆன்டிவைரஸ் போட்டான். "என்னைக் கேக்காம எதையும் போடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனான். பயம் அடங்காமல், முந்தாநாள் அவளே இன்னொன்றை இறக்கி மேலே போட்டுக்கொண்டாள். கடைக்கே இரண்டு பூட்டுப் போடுகிறவள், இதற்கும் இரண்டு இருந்தால் என்ன என்று நினைத்தாள். வினை அதில்தானோ என்று இப்போது உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் சின்னப் பையனிடம் திட்டு வாங்க மனசு வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

ஒயரை மாற்றினாள். யுபிஎஸ்ஸை மாற்றினாள். மறுபடி ரப்பரை எடுத்தாள். மூன்று தடவை அருள்குமார் அதே கேள்வியைக் கேட்டான், மூன்று தடவையும் அதே பொய்யைச் சொன்னாள். நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடை வாசல் வழியாகவே போனது. தீர்த்தம்மாள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, சான்றிதழ்ப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்கு மேல் கலைமதியால் தாங்க முடியவில்லை. போனை எடுத்தாள்.

"அருளு, திட்டாத. நானே இன்னொரு ஆன்டிவைரஸ் போட்டுட்டன்."

அந்தப் பக்கம் அருள்குமார் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஒரே உறையில ரெண்டு கத்தியாக்கா? ஒரே ஃபைல ரெண்டும் புடிச்சு இழுத்தா மெஷின் என்னா பண்ணும்? சேஃப் மோடுல தொறங்க, அப்ப ரெண்டும் ஓடாது. புதுசாப் போட்டதத் தூக்குங்க."

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சான்றிதழ் ஏறியது. நாலு முப்பத்தெட்டுக்கு விண்ணப்ப எண் வந்தது. தீர்த்தம்மாள் அச்சடித்த தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கலைமதிக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

"ஏங்கண்ணு, இந்தப் போனைக் காத்தாலயே பண்ணியிருந்தா என்ன?" அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

"காத்தாலயும் பண்ணினனுங்க. அப்ப பொய் சொன்னன்." கலைமதி பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்க, எங்க வூட்டுக்குப் போலாம். காலையில மொத பஸ்ஸுக்கு நானே ஏத்தி வுடறன்."